பதினோரு வரி வசனம்

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. காலையில் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு, பிற்பகலில் ஒரு சினிமா டைரக்டருக்கு மொழிபெயர்ப்பு. பன்னிரண்டு நாள்கள்தான். ஆனாலும் அந்த நாள்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் கால் வலிதான் ஞாபகம் வருகிறது.

எங்கள் மலாக்காவின் பண்டா ஹிலிர் திடலில் மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று அறிவித்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. ஊரில் எல்லாரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தப் பேச்சில் கலந்துகொள்ளக்கூடத் தெம்பு இருக்கவில்லை. அப்பா இறந்து மூன்று வருஷம். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். வகுப்பில் நாற்பத்தாறு பிள்ளைகள்.

நாங்கள் காஜா பெராங்கில் குடியிருந்தோம். அம்மா அங்கே பல தலைமுறைகளாக இருக்கும் மலாக்கா செட்டிக் குடும்பத்துப் பெண்; அந்தக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வணிகத்துக்கு வந்து, மலாய்ப் பேச்சுக்கு மாறிவிட்டவர்கள் அவர்கள். இடுப்பில் சாரோங்கும் மேலே கெபாயாச் சட்டையும் உடுத்துவாள். நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு பிள்ளையாரிடம் மலாயில் வேண்டிக்கொள்வாள். அவள் உறவில் யாருக்கும் தமிழ் பேச வராது. அப்பா தமிழ்நாட்டிலிருந்து வந்து நகரசபை அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். பிள்ளைகளிடம் தமிழைத் தவிர வேறு பேசமாட்டார். அவர்கள் இருவரும் தங்களுக்குள் எந்த மொழியில் பேசிக்கொண்டார்கள் என்று யோசித்தால், அதிகம் பேசிக்கொள்ளவில்லை என்பதுதான் நினைவுக்கு வருகிறது. “சாப்பாடு ஆச்சான்னு கேளு” என்பார் அப்பா. “உட்காரச் சொல்லு” என்பாள் அம்மா. எல்லாம் என் வழியாகவே போய்வரும். நான் நாலு வயதிலேயே மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட்டேன். இந்தக் கட்டுரையில் அம்மா பேசுவதெல்லாம் மலாய்ப் பேச்சு. வழக்கம்போல நான்தான் தமிழில் மாற்றுகிறேன்.

அந்தக் காலத்தில் சிங்கப்பூரில் மலாய்ப் படங்கள் எடுத்தார்கள். நடிப்பவர்கள் மலாய்க்காரர்கள், பணம் போடுபவர்கள் சீனர்கள். டைரக்டர்களில் நிறையப் பேர் இந்தியாவிலிருந்து வரவழைக்கப்பட்டவர்கள், அதிலும் பாதிப் பேர் மெட்ராஸ்காரர்கள். மலாய் தெரியாமலே மலாய்ப் படம் எடுத்தார்கள். தமிழிலோ இங்கிலீஷிலோ வசனம் எழுதுவார்கள், கம்பெனியில் இருக்கும் ஒருவர் மலாயில் மாற்றுவார், நடிகர்கள் அதை மனப்பாடம் செய்து பேசுவார்கள். இன்றைக்குச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அப்போது அது யாருக்கும் விசித்திரமாகத் தெரியவில்லை. படங்கள் நன்றாக ஓடின.

அப்படி ஒரு டைரக்டர் வெளிப்புறப் படப்பிடிப்புக்காக மலாக்கா வந்திருந்தார். வந்த மறுநாளே அவருடைய மொழிபெயர்ப்பாளருக்குக் குடல்வால் வீங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். கம்பெனியின் மேனேஜர், சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், ஊரில் விசாரித்துக்கொண்டு நேரே எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

“பன்னெண்டு நாள்தான் டீச்சர். ஸ்கூல் முடிஞ்சதும் வேன் அனுப்புறேன். அவரு பக்கத்துல நின்னு தமிழ்ல சொல்றத மலாயில சொல்லணும், மலாயில சொல்றத தமிழ்ல சொல்லணும். அவ்ளோதான் லா, வேற ஒண்ணும் இல்ல.”

தலைமையாசிரியர் எனக்கு முன்னாலேயே சரி என்று தலையாட்டிவிட்டார். அவருக்குப் படப்பிடிப்பைப் பார்க்க ஆசை.

கிளேபாங் கடற்கரையை ஒட்டி ஒரு மலாய்க் குடும்பத்தின் மரவீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். முன்னால் பூ ஓடு பதித்த வளைந்த படிக்கட்டு. அதன் எதிரே தென்னை நிழலில் ஒரு துணி நாற்காலி. அதில் டைரக்டர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது தாண்டியவர், கனத்த உடம்பு, தலையில் நனைத்த துண்டு. பாதங்கள் வீங்கி, ஷூவின் கயிறு அவிழ்ந்து தொங்கியது. என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கப் பார்த்தார். பாதி எழுந்து, முடியாமல் கையைக் கூப்பிவிட்டு உட்கார்ந்தார்.

“தமிழ் டீச்சரா? நல்லதும்மா. எனக்கு மலாய்ல இருபது வார்த்தை தெரியும். அதுல பத்து திட்டுறதுக்கு. அதை வச்சுக்கிட்டு எட்டு வருஷம் ஓட்டிட்டேன்.”

எட்டு வருஷத்தில் அவர் பன்னிரண்டு படங்கள் எடுத்திருந்தார். பத்து வயதில் நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். அங்கே வசனம் பேசி, வசனம் எழுதி, பிறகு மெட்ராஸில் இரண்டு பெரிய டைரக்டர்களிடம் உதவியாளராக இருந்துவிட்டு இங்கே வந்தார். மனைவியும் பிள்ளைகளும் மெட்ராஸிலேயே இருந்தார்கள். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை கப்பலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். இதையெல்லாம் அவர் ஒரு நாளில் சொல்லவில்லை. வெளிச்சத்துக்காகக் காத்திருக்கும்போது, மேகம் விலகுவதற்குள் இரண்டு வாக்கியம் என்று வந்தது.

என்னுடைய நாள்கள் இப்படிப் போயின. காலை ஏழரைக்குப் பள்ளிக்கூடம். ஒரு மணிக்கு வேன் வாசலில் நிற்கும். அம்மா கட்டித்தந்த சோற்றுப் பொட்டலத்தை வேனிலேயே சாப்பிடுவேன். அதன்பிறகு வெளிச்சம் மங்கும்வரை நிற்க வேண்டும். டைரக்டர் உட்கார்ந்திருப்பார், கேமராக்காரருக்குச் சிறு முக்காலி இருந்தது, மூத்த நடிகை படியில் உட்காருவார். மொழிபெயர்ப்பவருக்கு நாற்காலி வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வெள்ளித்தாள் ஒட்டிய பலகைகளால் வெயிலை முகத்துக்குத் திருப்புவார்கள். அந்த வெயிலில் பாதி என் மேல் விழும். வீட்டுக்கு வந்து நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தால் சிவப்பு மைக் கோடு பக்கத்தின் ஓரம்வரை இழுத்துக்கொண்டு போயிருக்கும். அந்த வாரம் என்னிடம் கணக்கு தப்பாகப் போட்டு முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் நிறைய.

அவர் வேலை செய்யும் விதம் எனக்குப் புதிதாக இருந்தது. நடிகர்கள் பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார். வலது கை விரல்கள் தொடையில் தட்டிக்கொண்டே இருக்கும். பேசி முடித்ததும் கண்ணைத் திறந்து, “மூணாவது வரிக்கு முன்னாடி மூச்சு வாங்கணும். வாங்கல. சொல்லுங்கம்மா” என்பார். நான் என் கையிலிருக்கும் தாளைப் பார்ப்பேன். சரியாகத்தான் இருக்கும். அவருக்கு ஒரு சொல்லும் புரியாது. ஆனால் தான் தமிழில் எழுதியதன் ஓசை அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஓசையோடு மலாய் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். “லாகி செகாலி” என்பார். இன்னொரு தடவை என்று பொருள். அவருடைய இருபது வார்த்தைகளில் மிக அதிகமாக உழைத்தது அதுதான்.

படத்தின் கதை எல்லாரும் அறிந்த மாதிரியான கதை. மகன் வீட்டைவிட்டுப் போகிறான், பட்டணத்தில் பணக்காரன் ஆகிறான், எல்லாம் இழந்து ஏழு வருஷம் கழித்துத் தாயிடம் திரும்புகிறான். தாயாக நடித்தவர் மலாய் மேடை நாடகங்களில் பாடி வளர்ந்த மூத்த நடிகை. முழங்கால் வலிக்காரர். ஷாட்டுக்கு ஷாட் படியில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொள்வார். மலாயில் ஆசிரியரை ‘சிக்கு’ என்பார்கள். என்னை அப்படித்தான் கூப்பிட்டார்.

ஏழாம் நாள் மாலை டைரக்டர் ஒரு தாளைக் கொடுத்தார். மகன் திரும்பி வரும் காட்சி. பதினோரு வரி, முத்து முத்தான கையெழுத்து.

“இதுதாம்மா படம். மத்ததெல்லாம் இதுக்காகத்தான். நிதானமாப் பண்ணுங்க.”

மறுநாள் வகுப்பில் பிள்ளைகளுக்குப் பெருக்கல் கணக்கைக் கொடுத்துவிட்டு அதை மாற்ற உட்கார்ந்தேன். ‘உன் கால் பதிந்த மண்ணை ஏழு மழைக்காலமும் நான் பெருக்கவில்லை, மகனே’ என்று தொடங்கும். ‘வரலாமா என்று வாசலில் நின்று கேட்கிறாயே, இந்த வாசலை நான் என்றைக்குச் சாத்தினேன்?’ என்று ஐந்தாம் வரி. ‘உன்னைச் சுமந்த வயிறு இன்னும் இறக்கி வைக்கவில்லை’ என்று ஒன்பதாம் வரி. படிக்கும்போது எனக்கு எரிச்சல்தான் வந்தது. எந்தத் தாய் இப்படிப் பேசுவாள்? ஆனாலும் மாற்றினேன். அம்மாவின் பேச்சிலிருந்தும், அம்மாவின் உறவுக்காரர்கள் கல்யாணத்தில் பாடும் பாட்டுகளிலிருந்தும் சொற்களைப் பொறுக்கி மாற்றினேன். ‘சுமந்த வயிறு’ சரியாக வரவே இல்லை. மூன்று தடவை அடித்து எழுதினேன்.

பிற்பகலில் தாளை வாங்கிப் படித்த நடிகை என்னைப் பார்த்தார்.

“சிக்கு, இதையெல்லாம் யார் பேசுவா? எனக்கும் ஒரு மகன் இருக்கான். வீட்டுக்கு வந்தா ரெண்டு வார்த்தைக்கு மேல பேசினதில்ல.”

அப்போதுதான் நான் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். அண்ணன் இருபத்துநாலு வயதில் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு சிங்கப்பூருக்குப் போனவன். துறைமுகத்தில் வேலை. ஒரு கடிதம்கூட இல்லை. அப்பா இறந்த செய்தி போய்ச் சேர்ந்ததா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. ஆறு வருஷம் கழித்து ஒரு நாள் பின்கட்டு வழியாக வந்து சமையலறை வாசலில் நின்றான். நான் அலறிவிட்டேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். “கதவைச் சாத்து. கோழி வந்துடும்” என்றாள். மறுபடி துருவ ஆரம்பித்துவிட்டாள். அண்ணன் மூன்று வாரம் இருந்துவிட்டுத் திரும்பவும் சிங்கப்பூருக்கே போய்விட்டான். அந்த மூன்று வாரமும் இருவரும் பேசிக்கொண்டது சாப்பாட்டைப் பற்றித்தான்.

நடிகை சிரிக்கவில்லை. முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, “ம்” என்றார்.

காட்சியை அமைத்துவிட்டார்கள். தாய் படிக்கட்டின் உச்சியில், திறந்த கதவுக்கு முன்னால். மகன் கீழே, முதுகைக் காட்டிக்கொண்டு. தென்னையடியிலிருந்து படிக்கட்டின் அடிவரை பலகை போட்டுத் தண்டவாளம். அதில் கேமராவை வைத்து நான்கு பேர் மெல்லத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். முதல் வரிக்குக் கிளம்பும் கேமரா பதினோராம் வரிக்குப் படியடியில் வந்து நின்று தாயின் முகத்தை அண்ணாந்து பார்க்கும். டைரக்டர் அதை விரலால் தொடையில் தட்டித் தட்டி அளந்து வைத்திருந்தார்.

முதல் தடவை ஒரு லாரி போனது. இரண்டாம் தடவை நடிகைக்கு ஏழாம் வரி மறந்தது. மூன்றாம் தடவை சேவல் கூவியது. நான்காவதில் தள்ளுகிறவர்களில் ஒருவருக்குக் கால் வழுக்கியது. ஐந்திலும் ஆறிலும் ஒன்பதாம் வரி, என்னுடைய அந்தச் ‘சுமந்த வயிறு’, நடிகையின் நாக்கில் சுற்றிக்கொண்டது. ஏழாவதில் மேகம். ஒவ்வொரு தடவையும் நான் படியேறிப் போய், டைரக்டர் சொன்னதை நடிகையிடம் சொல்லிவிட்டு இறங்க வேண்டும். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு தடவைக்குத்தான் வெளிச்சம் என்று கேமராக்காரர் சொன்னார்.

எட்டாம் தடவைக்காகப் படியேறினேன். நடிகையின் கழுத்தெல்லாம் வேர்வை.

“முடியல சிக்கு. உங்கம்மா சொன்னதையே சொல்லிடட்டுமா?”

நான் சரி என்று தலையை அசைத்தேன். இதைப் பின்னாளில் சொல்லும்போது சிலர் என்னைத் துணிச்சல்காரி என்றார்கள். துணிச்சல் எல்லாம் இல்லை. இன்னொரு தடவை அந்தப் படியை ஏற எனக்கு உடம்பில் சத்து இல்லை. அவ்வளவுதான்.

கேமரா கிளம்பியது. மகன் அண்ணாந்து பார்த்தான். நடிகை அவனைப் பார்த்தார், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். “ஏறி வா. கதவைச் சாத்து. கோழி வந்துடும்” என்றார் மலாயில். திரும்பி உள்ளே போய்விட்டார்.

கேமரா பாதி வழிகூட வரவில்லை. தள்ளுகிறவர்களுக்கு நிறுத்தச் சொல்லி உத்தரவு வராததால் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். கதாநாயகப் பையன் திகைத்து நின்றான். பேசுவதற்கு அவனுக்கு வசனமும் இல்லை. கடைசியில் என்ன செய்வதென்று தெரியாமல் மெல்லப் படியேறி உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். கேமரா படியடிக்கு வந்து சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றது. கடல் சத்தம் மட்டும். வெள்ளித்தாள் பலகை பிடித்திருந்த மலாய்க்காரர் ஒருவர் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

டைரக்டர் கண்ணைத் திறந்தார். விரல்கள் தொடையின் மேல் அப்படியே நின்றிருந்தன.

“என்னம்மா, இன்னும் முடியலையே?”

“முடிஞ்சிடுச்சு சார்.”

“என்ன சொன்னாங்க?”

சொன்னேன். கையைக் காட்டி எல்லாரையும் தேநீர் குடிக்கப் போகச் சொன்னார். நான் நின்றேன். அவர் பக்கத்தில் கிடந்த ஒரு பெட்டியைக் காலால் என் பக்கம் நகர்த்தினார். எட்டு நாளில் முதல்முறையாக உட்கார்ந்தேன்.

“நான் பதினோரு வரி எழுதியிருந்தேன்மா.”

“தெரியும் சார். தப்பு என்னுதுதான். அவங்களைத் திட்டாதீங்க.”

“திட்டல. நல்லாத்தான் இருக்கு. நான் கண்ணைத் திறந்தப்ப பலகைக்காரன் இன்னும் கண்ணைத் துடைச்சுக்கிட்டிருந்தான்.” துண்டை எடுத்துப் பிழிந்து மறுபடி தலையில் போட்டுக்கொண்டார். “ஆனா எனக்குக் கேக்கலைம்மா. எனக்குத் தெரியாத பாஷையில நாலஞ்சு சொல்லு. வந்துச்சு, போயிடுச்சு. அதுல நான் எதைப் பிடிச்சுக்கிறது? பதினோரு வரின்னா ஏத்தம் இருக்கும், இறக்கம் இருக்கும், எங்க அழுகை வருது, எங்க நிக்குதுன்னு எனக்குப் புரியும். அதை வச்சுத்தான் எட்டு வருஷமா படம் எடுக்கிறேன். கோழின்னு சொன்னா நான் எங்க நிக்கிறது?”

அவர் கோபத்தில் பேசவில்லை. காய்ச்சல்காரர் தன் உடம்பைப் பற்றி டாக்டரிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

“பாஷை கத்துக்கிட்டிருக்கலாமே சார்?” என்று கேட்டுவிட்டேன்.

“முதல் வருஷம் கத்துக்கலாம்னு இருந்தேன். அடுத்த வருஷம் ஊருக்குப் போயிடுவோமே, எதுக்குன்னு விட்டேன். அப்புறம் ஒவ்வொரு வருஷமும் அதேதான். இப்ப சுதந்திரம் வருதாம். மலாய்ப் பசங்களே டைரக்ட் பண்ணப் போறாங்க. நியாயம்தானே? அவன் கோழின்னு சொன்னா அவனுக்குப் புரியும்.”

மறுநாள் அதே காட்சியைத் திரும்ப எடுத்தார். நடிகை இரவெல்லாம் மனப்பாடம் செய்திருந்தார் போலிருக்கிறது. மூன்றாம் தடவையிலேயே பதினோரு வரியும் சரியாக வந்தது. இரண்டையும் சிங்கப்பூருக்கு அனுப்பச் சொன்னார். எது படத்தில் இருக்கும் என்று நான் கேட்கவில்லை. பன்னிரண்டாம் நாள் வேன்கள் கிளம்பின. நடிகை என் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துவிட்டு ஏறினார். டைரக்டர் முன் இருக்கையில் தூங்கிவிட்டிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நான் படுக்கையைவிட்டு எழவில்லை.

படம் மலாக்காவுக்கு வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. சுதந்திரம் வந்து, கொண்டாட்டம் முடிந்து, கடைத்தெருவில் கட்டிய வண்ணக் காகிதங்கள் மழையில் நனைந்து தொங்கிக்கொண்டிருந்தன. சனிக்கிழமை மூன்று மணிக் காட்சிக்கு அம்மாவை அழைத்துப் போனேன். அவளுக்குப் படப்பிடிப்பைப் பற்றி நான் அதிகம் சொன்னதில்லை. அவளுடைய வார்த்தைகளை நடிகை பேசியதையும் சொல்லவில்லை. தெரிந்தால் வெட்கப்படுவாள், அல்லது திட்டுவாள் என்று நினைத்தேன்.

காட்சி வந்தது. கேமரா மெல்ல நகர்ந்தது. நடிகை வாயைத் திறந்தார். ‘உன் கால் பதிந்த மண்ணை’ என்று ஆரம்பித்தார். பதினோரு வரி வசனம்தான் படத்தில் இருந்தது. எனக்குச் சலிப்பாகிவிட்டது. நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். ஒன்பதாம் வரியில் ‘சுமந்த வயிறு’ இப்போதும் சரியில்லாமல்தான் ஒலித்தது.

அப்போது பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. அம்மா அழுதுகொண்டிருந்தாள். அப்பா இறந்தபோதுகூட அவள் இப்படி அழுது நான் பார்த்ததில்லை. கெபாயாவின் முன்முனையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. சுற்றிலும் பார்த்தேன். அழாத பெண்ணே கொட்டகையில் இல்லை. எனக்கு மட்டும்தான் கண் காய்ந்திருந்தது.

வெளியே வந்து ட்ரைஷா என்ற மூன்று சக்கர மிதிவண்டியில் உட்கார்ந்தோம். ஓட்டுகிறவர் பக்கவாட்டில் இருந்து மிதித்துக்கொண்டிருந்தார். பாதி தூரம் வந்தபிறகு அம்மா பேசினாள்.

“நான் அன்னிக்கு அவன்கிட்ட இதைத்தான் சொல்லணும்னு இருந்தேன்.”

“எதை?”

“அந்தப் பொம்பளை சொன்னாளே, அதையெல்லாம். அவன் வந்து நின்னப்ப எனக்கு வார்த்தையே வரல. என்னத்தையோ சொல்லிட்டேன். என்ன சொன்னேன்னுகூட ஞாபகம் இல்ல.”

எனக்கு ஞாபகம் இருந்தது. சொல்லவில்லை. எட்டாம் தடவை படியேறி நின்று தலையை அசைத்தவள் நான். அம்மா சொன்னதுதான் உண்மை, டைரக்டர் எழுதியது வெறும் நாடகம் என்று ஒரு வருஷமாக எனக்குள் ஒரு மிதப்பு இருந்தது. அது அந்த ட்ரைஷாவில் போயிற்று. போன இடத்தில் வேறு எதுவும் வந்து உட்காரவில்லை. அசதியாகத்தான் இருந்தது.

“அதை மலாயில எழுதினது நான்தாம்மா” என்றேன். “டைரக்டர் தமிழ்ல எழுதிக் கொடுத்தார். நான் மாத்தினேன்.”

அம்மா திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “நீயா? உனக்கு இப்படியெல்லாம் பேசத் தெரியுமா? வீட்ல வாயே திறக்க மாட்டியே.”

அந்த வாரத்தில் இன்னும் மூன்று தடவை அவளை அந்தப் படத்துக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் முடிந்து வந்து, அவளோடு போய், நான் இருட்டில் தூங்குவேன். அந்தக் காட்சி வரும்போது அவள் முழங்கையால் என்னை இடித்து எழுப்புவாள். நான்காம் தடவைக்குள் அவளுக்குப் பதினோரு வரியும் மனப்பாடம். அரிசி களையும்போது முணுமுணுப்பாள். ஒன்பதாம் வரியில் என் பிழையைத் திருத்தி, வேறொரு சொல்லைப் போட்டுச் சொன்னாள். அந்தச் சொல்தான் சரி. வருஷக்கணக்கில் என்னோடு ஒரே வீட்டில் இருந்தவளிடம் நான் ஏன் கேட்கவில்லை என்று தெரியவில்லை.

அண்ணனுக்குக் கடிதம் எழுதச் சொன்னாள். படத்தைப் பார்க்கச் சொல், கட்டாயம் பார்க்கச் சொல், வேறொன்றும் எழுதவேண்டாம் என்றாள். எழுதினேன். ஆச்சரியமாக, மூன்று வாரத்தில் பதில் வந்தது. அம்மா அடுப்பங்கரையில் உட்கார்ந்து, வாசிக்கச் சொல்லிக் காத்திருந்தாள்.

படம் பார்த்தேன், பாட்டெல்லாம் நன்றாக இருக்கிறது, சண்டைக் காட்சி போதாது என்று எழுதியிருந்தான். ‘அந்தத் தாய் மட்டும் ரொம்பப் பேசுகிறாள். நம் அம்மா மாதிரி இருந்திருக்கலாம்’ என்று கடைசி வரி.

பாட்டைப் பற்றியதை வாசித்தேன். சண்டைக் காட்சியைப் பற்றியதை வாசித்தேன்.

“அம்மாவைப் பத்தி ஒண்ணும் எழுதலையா?”

“நம்ம அம்மா மாதிரியே இருந்துச்சுன்னு எழுதியிருக்கான்.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பினாள். போதும் என்பதுபோல இருந்தது. அண்ணன் அதன்பிறகு வருஷத்துக்கு ஒரு முறை வந்துகொண்டிருந்தான். அம்மா அவனிடம் அந்தப் பதினோரு வரியில் ஒன்றைக்கூடச் சொன்னதில்லை. அவனுக்குப் பிடித்த கறியை ஆக்கிப் போடுவாள், அவன் சாப்பிடுவான்.

டைரக்டருக்கு அதுதான் இங்கே கடைசிப் படம். கம்பெனி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. மேனேஜர் ஒரு முறை மலாக்கா வந்தபோது சொன்னார். இப்போது எடுப்பவர்கள் எல்லாரும் மலாய் டைரக்டர்கள், அவர்களுக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை, நமக்கெல்லாம் இனிமேல் வேலை குறைவு டீச்சர் என்றார். அவர்கள் எடுத்த படங்கள் சிலவற்றைப் பார்த்தேன். நன்றாக இருந்தன. ஆள்கள் வீட்டில் பேசுவதுபோலவே பேசினார்கள்.

இரண்டு வருஷம் கழித்து மெட்ராஸிலிருந்து பள்ளிக்கூட முகவரிக்கு ஒரு கடிதம் வந்தது. அதே முத்து முத்தான கையெழுத்து. ஸ்டூடியோக்களில் தன்னைச் ‘சிங்கப்பூர்க்காரர்’ என்கிறார்களாம். தமிழ்ப் படம் எடுத்துப் பழக்கம் இல்லை என்று யோசிக்கிறார்களாம். ஒரு பெரிய டைரக்டருக்கு மறுபடி உதவியாளராகச் சேர்ந்திருக்கிறார். ஐம்பத்தைந்து வயதில், வெயிலில் நின்றுகொண்டு. ‘இங்கே வசனமெல்லாம் எனக்கே நேராகப் புரிகிறது அம்மா, அதனால் கண்ணை மூட முடிவதில்லை’ என்று எழுதியிருந்தார். மலாக்காவில் வெயில் எப்படி, உங்கள் தாயார் சுகமா என்று கேட்டிருந்தார். அந்தப் படம் அங்கே எப்படிப் போயிற்று, ஜனங்கள் என்ன சொன்னார்கள் என்று தெரிந்தால் எழுதச் சொல்லியிருந்தார்.

எழுதுவதற்கு நிறைய இருந்தது. கொட்டகையில் அழுத பெண்களைப் பற்றி எழுதியிருக்கலாம். அம்மாவைப் பற்றி எழுதியிருக்கலாம். ஆனால் அது வருஷக் கடைசிப் பரீட்சைச் சமயம். உட்கார்ந்தால் கண் சொருகியது. ஒரு மாதம் தள்ளிப்போட்டேன். பிறகு ஒரு நாள், வகுப்பு இடைவேளையில், அம்மா சுகம், இங்கே இந்த வருஷம் மழை அதிகம், படம் நன்றாக ஓடியது, எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள் என்று எழுதி உறையில் போட்டு ஒட்டினேன். மணி அடித்தது. பிள்ளைகள் உள்ளே வந்தார்கள்.